சோபா, பீப்பா, அப்புறம் ரெண்டரை நிமிஷ சியர்லீடிங் பாட்டு

முதல்லயே சொல்லிடறேன். நான் திருட்டு எம்பி3-க்கு வக்காலத்து வாங்க வரலை. வெள்ளிக்கிழமை ரிலீஸான படத்தை சனிக்கிழமை டோரண்ட்ல இறக்கிட்டு, "கலைக்கு ஏது வேலி"ன்னு டயலாக் விடற கோஷ்டியிலயும் நான் இல்லை. பாட்டு எழுதினவருக்கும் பாடினவருக்கும் காசு போகணும். இதுல எனக்கு மறுபேச்சே கிடையாது.

ஆனா நண்பர் ஒருத்தர், "சின்னப் பசங்களா இருந்தா என்ன, பெரிய கம்பெனியா இருந்தா என்ன, காப்பிரைட்டுன்னா காப்பிரைட்டுதான், திருட்டுன்னா திருட்டுதான்"னு ஒத்தை வரியில தீர்ப்பு எழுதிட்டார் பாருங்க, அதுக்குத்தான் இந்த நீளமான பதில். ஒத்தை வரித் தீர்ப்பு எழுதறவங்களுக்கு ஒரு வசதி, விவரத்துக்குள்ள போகவே வேண்டாம். நாம போவோம்.

சியர்லீடிங்னு சொன்னதும் நம்ம மக்களுக்கு 2008 ஐபிஎல்தான் ஞாபகத்துக்கு வரும். சிக்ஸர் அடிச்சா பவுண்டரி ஓரம் ஆடுவாங்களே, அது. நான் சொல்றது அது இல்லைங்க. அமெரிக்காவுல போட்டி சியர்லீடிங்னு ஒண்ணு தனியா இருக்கு. 1898-ல மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஒரு ஆம்பளைப் பையன் கூட்டத்தைக் கூட்டி கோஷம் போட வச்சதுல ஆரம்பிச்சதா சொல்லுவாங்க. இன்னைக்கு அது கிட்டத்தட்ட ஜிம்னாஸ்டிக்ஸ். ஆறு வயசுக் குட்டியிலிருந்து காலேஜ் பொண்ணு வரைக்கும் ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறி நின்னு, ஆளைத் தூக்கி மேல வீசிப் பிடிச்சு, வரிசையா பல்டி அடிச்சு, எல்லாத்தையும் ரெண்டரை நிமிஷத்துல முடிக்கணும். பிடிக்கிறவ கை அரை நொடி தப்பினா மேல இருக்கறவளுக்கு எலும்பு முறியும். அந்த அரை நொடியைக் காப்பாத்தறது பாட்டு.

அதனால பாட்டுன்னா சும்மா பின்னணியில ஓடற பாட்டு கிடையாது. எட்டு எட்டா எண்ணிக்கை. மூணாவது எட்டுல வீசணும்னா அங்க ஒரு 'டமால்' இருக்கணும். பிரமிடு கட்டும்போது பாட்டு உச்சத்துக்குப் போகணும். நடுவுல டீம் பேரைக் கத்தற ஒரு குரல். இதுக்காக ஒரு டஜன் பாட்டை எடுத்து, ஆளுக்குப் பத்து செகண்டு வெட்டி, வேகத்தைக் கூட்டி ஒட்டித் தைக்கறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. சியர் மிக்ஸ்னு பேரு. ஒரு டீமுக்கு சில நூறு டாலர்ல ஆரம்பிச்சு ஆயிரத்தைத் தாண்டியும் போகும். நண்பர் வீட்டுப் பொண்ணு ஒரு டீம்ல இருக்கறதால நானும் ரெண்டு மூணு போட்டி பார்த்திருக்கேன். காதுக்குப் பஞ்சு எடுத்துட்டுப் போறது நல்லது :-)

இப்ப சட்டத்துக்கு வருவோம். இங்கதான் ஒத்தை வரிக்காரங்க கோட்டை விடறாங்க.

ஒரு பாட்டுல ஒரு காப்பிரைட் கிடையாது, ரெண்டு இருக்கு. மெட்டும் வரியும் ஒண்ணு. ஸ்டூடியோவுல பதிவு பண்ணின அந்த ஒலிப்பதிவு இன்னொண்ணு. போட்டி நடக்கற அரங்கத்துக்காரங்க ஆஸ்காப், பிஎம்ஐ மாதிரி அமைப்புகளுக்கு உரிமத் தொகை கட்டியிருப்பாங்க. அதுல பாட்டை எல்லார் முன்னாடியும் ஒலிபரப்பறதுக்கான பணம் இசையமைச்சவருக்கும் எழுதினவருக்கும் போயிடுது. ஸ்பீக்கர்ல பாட்டு போடறதுக்கு ஒலிப்பதிவு கம்பெனிக்குத் தனியா தரணும்னு அமெரிக்கச் சட்டத்துல கிடையாது. ஆக, கடையில வாங்கின ஒரு பாட்டை அப்படியே போட்டு ஆடினா பெரிய பிரச்னை இல்லை. பன்னிரண்டு பாட்டை வெட்டி ஒட்டி ஒரு புதுப் பதிவு தயார் பண்ணினா பிரச்னை. அது நகல் எடுக்கற உரிமை, மாத்தி அமைக்கற உரிமை. பன்னிரண்டு பாட்டுன்னா குறைஞ்சது இருபத்தி நாலு கையெழுத்து. இப்ப ஒரு பாட்டுக்கு அஞ்சாறு பேர் சேர்ந்து எழுதறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி பதிப்பாளர் வேற. எண்ணிக்கையை நீங்களே பெருக்கிக்கோங்க.

"சின்னத் துணுக்குதானே, பரவாயில்லைன்னு விட மாட்டாங்களா?" நானும் அப்படித்தான் கேட்டேன். 2005-ல ஆறாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட்டுல ஒரு தீர்ப்பு. ஃபங்கடெலிக்கோட ஒரு கிடார் துணுக்கு, ரெண்டே செகண்டு. அதை ஸ்ருதி இறக்கிப் போட்டிருந்தாங்க. அதுக்கும் அனுமதி வாங்கியே ஆகணும்னுட்டாங்க. 2016-ல ஒன்பதாவது சர்க்யூட்ல மடோனாவோட 'வோக்' பாட்டு வழக்கு. கால் செகண்டுக்கும் குறைவான ஒரு கொம்பு ஊதல். அதெல்லாம் அற்பம், தப்பில்லைன்னு சொன்னாங்க. ஆக கலிஃபோர்னியாவுல தப்பிக்கிற துணுக்கு டென்னசியில மாட்டிக்கும். சட்டம் படிச்சவங்களே ரெண்டு பக்கமா நிக்கறாங்க, நாம ஒரு பத்தாங்கிளாஸ் பொண்ணோட கோச்சைப் பார்த்து 'திருடி'ங்கறோம்.

தண்டனைத் தொகையைக் கேளுங்க. ஒரு படைப்புக்கு 750 டாலர்ல இருந்து 30,000 வரை. தெரிஞ்சே செஞ்சதுன்னு முடிவாச்சுன்னா 1,50,000 வரை. பன்னிரண்டு பாட்டு மிக்ஸுக்கு உச்சக் கணக்கு 18 லட்சம் டாலர். இது என்ன பைரசி ஃபேக்டரியா? வட்டாரப் போட்டியில மூணாவது பரிசு வாங்கி, ஒரு பிளாஸ்டிக் கோப்பையைக் கட்டிப் பிடிச்சுட்டு அழற பசங்க.

சரி, சோபா. உட்கார்ற சோபா இல்லீங்க. ஆன்லைன் திருட்டைத் தடுக்கறோம்னு 2011 அக்டோபர் 26-ல டெக்சாஸ் எம்பி லமார் ஸ்மித் கொண்டு வந்த மசோதா. அதுக்கு முன்னாடி மே மாசமே செனட்ல பாட்ரிக் லேஹி கொண்டு வந்தது பீப்பா. (பிப்பான்னு சொல்லணுமாம். எனக்கு பீப்பாதான் வருது.) அந்த வருஷமே ஏமி க்ளோபுச்சர் கொண்டு வந்த இன்னொரு மசோதா, எண் 978. அடுத்தவங்க படைப்பை 180 நாளுக்குள்ள பத்து தடவையோ அதுக்கு மேலயோ நெட்ல ஓட விட்டு, அதோட மதிப்போ உரிமத் தொகையோ சில ஆயிரம் டாலரைத் தாண்டினா அஞ்சு வருஷம் வரை ஜெயில்னு அதுல இருந்துச்சு. ஜஸ்டின் பீபர் சின்னப் பையனா அடுத்தவங்க பாட்டைப் பாடி யூடியூப்ல போட்டுத்தானே பெரிய ஆளானார், அவரையே உள்ள தள்ளிடலாமேன்னு ஒரு பிரசாரம் கிளம்பிச்சு. மசோதா கொண்டு வந்தவங்க அது மிகைன்னு சொன்னாங்க. இருக்கலாம். ஆனா ஒரு சட்டம் யார் மேல பாயாதுன்னு அதைக் கொண்டு வந்தவர் வாயால சொன்னாப் போதாது, சட்டத்துலயே எழுதியிருக்கணும்.

சோபாவோட முதல் வடிவத்துல என்னை நிஜமாவே பயமுறுத்தினது ஜெயில் சமாச்சாரம் இல்லை. ஒரு தளமோ "அல்லது அதன் ஒரு பகுதியோ" திருட்டுக்குன்னு இருந்தா, உரிமைக்காரர் நேரா விளம்பர கம்பெனிக்கும் பணம் பட்டுவாடா பண்ற கம்பெனிக்கும் நோட்டீஸ் விடலாம். அஞ்சு நாளுக்குள்ள அவங்க அந்தத் தளத்தோட உறவை வெட்டிக்கணும். கோர்ட், வாதம் எல்லாம் அப்புறம். ஒரு பகுதின்னா? சியர் அம்மாக்கள் கூடிப் பேசற ஒரு தளத்தை நினைச்சுப் பாருங்க. எந்த ஜிம் நல்ல ஜிம், எந்த கோச் பசங்களைத் திட்டாம சொல்லித் தர்றார், மணிக்கட்டு வீங்கினா எந்த டாக்டர்னு பத்து வருஷப் பேச்சு அதுல கிடக்கும். அதுல ஒரு மூலையில நாலு பேர் போட்டி வீடியோ போட்டிருப்பாங்க. அந்த மூலைக்காக மொத்தத் தளத்துக்கும் விளம்பர வருமானம் போச்சுன்னா, சர்வர் வாடகை யார் கட்டுவா? நடத்தறவர் பகல்ல வேலைக்குப் போயிட்டு ராத்திரி நடத்தற ஆளு. நம்மள மாதிரி.

2012 ஜனவரி 18-ல விக்கிபீடியா ஆங்கிலப் பதிப்பு 24 மணி நேரம் கறுப்பாச்சு. கூகுள் தன் பேர் மேலயே கறுப்புப் பட்டை போட்டுக்கிச்சு. எழுபது லட்சத்துக்கும் மேல மனுவுல கையெழுத்து. ரெண்டே நாள், 20-ம் தேதி சோபாவும் பீப்பாவும் கிடப்புக்குப் போச்சு. மக்கள் ஜெயிச்சாங்கன்னு எல்லாரும் எழுதினோம்.

ஆனா சியர் மிக்ஸ் விஷயத்துல ஜெயிச்சது யாருன்னு பார்த்தா, அதே பயம்தான். பார்லிமெண்ட் வாசல்ல தோத்தது பின்கதவு வழியா வந்துச்சு. மிக்ஸ் போடறவங்க மேல ரெக்கார்டு கம்பெனி தரப்புல வழக்கு வந்ததும் போட்டி நடத்தற அமைப்புகள் கூடிப் பேசி, 2016-17 சீசன்லருந்து புது விதி போட்டாங்க. ஒவ்வொரு டீமும் தன் பாட்டுக்கு உரிமம் இருக்குன்னு காகிதத்துல அச்சடிச்சுக் கையில வச்சிருக்கணும். எந்த மிக்ஸ்காரங்க கிட்ட வாங்கலாம்னு ஒரு பட்டியல் வேற. காகிதம் இல்லைன்னா? ஏற்பாட்டாளர் தர்ற வேற பாட்டுக்கு ஆடலாம். இல்லைன்னா வாயாலயே 'ஒன் டூ த்ரீ ஃபோர்' எண்ணிக்கிட்டு ஆடலாம். எட்டு மாசம் பழகின பொண்ணுங்க, ஒவ்வொரு 'டமால்'லயும் ஒருத்தியைத் தூக்கி வீசக் கத்துக்கிட்ட பொண்ணுங்க, வேற பாட்டுக்கு ஆடணுமாம். இதை எழுதினவங்க யாரும் யாரையும் தூக்கிப் பிடிச்சதில்லை போல.

இதைவிட ஒண்ணு இருக்கு. எதிர் டீம் பாட்டுக்கு உரிமம் இருக்கான்னு ஒரு கோச் சவால் விடலாம். 100 டாலர் கட்டணம். சவால் தப்பாப் போனா பணம் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு நன்கொடையாப் போயிடும். நன்கொடை நல்ல விஷயம்தான். ஆனா போட்டுக் கொடுக்கறதுக்குக் கட்டணம் வச்சு, அதுக்குப் புண்ணியச் சாயமும் பூசின ஐடியா யாருக்கு வந்துச்சோ, அவர் பெரிய மூளைக்காரர்.

பலன்? பாட்டு எழுதினவருக்குப் பணம் கூடிப் போச்சான்னு கேட்டீங்கன்னா, இந்த விசித்திரத்தைப் பாருங்க. அசல் ஒலிப்பதிவை ஒரு செகண்டு வெட்டக்கூடாது. ஆனா அதே பாட்டை, அதே மாதிரிக் குரல்ல இன்னொருத்தரை வச்சுப் பாட வச்சுப் பதிவு பண்ணினா, ஒலிப்பதிவு உரிமைக்காரர் ஒண்ணும் செய்ய முடியாது. அமெரிக்கச் சட்டமே அதை அனுமதிக்குது. அதனால மிக்ஸ்ல இப்ப கவர் வெர்ஷனும், சியருக்குன்னே ஆர்டர் கொடுத்துச் செஞ்ச பாட்டும் நிரம்பிக் கிடக்கு. அசல் பாடகிக்கு ஒரு சென்ட் இல்லை. உரிமம் வாங்க வக்கீலும் வசதியும் இருக்கற மிக்ஸ் கம்பெனி பெருசாச்சு. பழைய லேப்டாப்ல அண்ணனோ தங்கச்சியோ தச்சுக் கொடுத்த மிக்ஸ் செத்துப் போச்சு. யாரைக் காப்பாத்த வந்த சட்டம் இது?

இதுக்கு நடுவுல இதே உலகத்துல இன்னொரு கூத்து. சியர் உடை விக்கற பெரிய கம்பெனி வார்சிட்டி, தன் உடையில இருக்கற கோடும் V வடிவப் பட்டையும் தனக்கே காப்பிரைட்டுன்னு இருநூத்துக்கும் மேல டிசைனைப் பதிவு பண்ணி வச்சிருந்துச்சு. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 2017 மார்ச்ல 6-2ன்னு, அந்த மாதிரி அலங்காரங்களுக்கு காப்பிரைட் கிடைக்கலாம்னு தீர்ப்பாச்சு. ஆக அந்தப் பொண்ணு போட்டுட்டு நிக்கற சட்டைக் கோட்டுக்கும் முதலாளி உண்டு, ஆடற பாட்டுக்கும் முதலாளி உண்டு. அவ அடிக்கற பல்டிக்கு மட்டும்தான் இன்னும் யாரும் நோட்டீஸ் விடலை.

இப்ப வீடியோ. நண்பர் வீட்டுப் பொண்ணோட டீம் வீடியோவை நெட்ல போட்டாங்க, மறுநாள் சத்தம் போயிடுச்சு. ரெண்டரை நிமிஷ ஊமைப்படம். அமெரிக்காவுல 1998-லருந்து இருக்கற டிஎம்சிஏ சட்டப்படி ஒருத்தர் நோட்டீஸ் விட்டா தளம் அதைத் தூக்கணும். தூக்கினா தளத்துக்குப் பாதுகாப்பு. தூக்கினது தப்புன்னு நினைச்சா போட்டவர் எதிர் நோட்டீஸ் விடலாம். கேட்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா எதிர் நோட்டீஸ்ல பேர், வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் கொடுத்து, "ஃபெடரல் கோர்ட்டுக்கு நான் கட்டுப்படறேன்"னு கையெழுத்து போடணும். அதுக்கப்புறமும் வீடியோ திரும்ப வர பத்துலருந்து பதினாலு வேலை நாள். பதினஞ்சு வயசுப் பொண்ணோட அம்மா இதைப் படிச்சா என்ன செய்வா? "விட்டுத் தொலைடி"ம்பா. அங்க முடிஞ்சுது. கோர்ட்டுக்குப் போகாமலே ஒரு வழக்கு முடிஞ்ச மாதிரி. ஒரு குழந்தை 29 செகண்டு ஆடின வீடியோவுக்காக ஒரு அம்மா 2007-ல யூனிவர்சல் மேல போட்ட கேஸ் 2018-லதான் சமரசமாச்சு. பதினோரு வருஷம். அந்தக் குழந்தை அதுக்குள்ள எத்தனாங்கிளாஸ் போயிருக்கும்!

"இது அமெரிக்கக் கதை, நமக்கென்ன?"ன்னு கேட்கறவங்களுக்கு ஒரே ஒரு உள்ளூர்ச் சேதி. சோபா செத்து நாலு மாசம்தான் ஆகியிருந்துச்சு. 2012 மே மாசம் '3' படத்துக்காகவும் ஒரு தெலுங்குப் படத்துக்காகவும் சென்னை ஐகோர்ட்டுல வாங்கின ஒரு உத்தரவைக் காட்டி, நம்ம இணைய கம்பெனிங்க விமியோ, பேஸ்ட்பின்னு முழு முழுத் தளங்களையே மூடினாங்க. நிரல் எழுதறவங்க துண்டுக் குறிப்பு ஒட்டி வைக்கற பேஸ்ட்பின்ல தனுஷ் படம் எங்கய்யா இருக்கும்? ஜூன்லதான் கோர்ட், குறிப்பிட்ட பக்கத்தை மட்டும்தான் தடுக்கணும், தளத்தை இல்லைன்னு தெளிவுபடுத்திச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, அதே படத்தோட 'கொலவெறி' பாட்டு முதல்ல கசிஞ்சு, அப்புறம் யூடியூப்ல இலவசமா ஓடி, ஊரெல்லாம் அவனவன் தன் இஷ்டத்துக்கு மாத்திப் பாடித்தான் உலகப் புகழ் ஆச்சு. மாத்திப் பாடினவங்க எல்லாரையும் பிடிச்சு உள்ள போட்டிருந்தா அந்தப் படம் பேரு வெளியூர்ல எத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கும்?

நண்பர் கேட்டார், "அப்ப நீங்களே வழி சொல்லுங்க." சொல்றேன். வழி 1909-லயே போட்டாச்சு. அப்ப தானா வாசிக்கற பியானோ வந்திருந்த நேரம். ஓட்டை போட்ட காகிதச் சுருளை மாட்டினா அது வாசிக்கும். அந்தச் சுருளுக்கு இசையமைப்பாளருக்குக் காசு தர வேண்டாம்னு 1908-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. இசைக்காரங்க கொதிச்சாங்க. முழு உரிமை கொடுத்தா ஒரே பெரிய சுருள் கம்பெனி எல்லாத்தையும் வளைச்சுடும்னு காங்கிரஸுக்குப் பயம். அதனால நடுவுல ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. பாட்டு ஒரு தடவை பதிவாகி வந்தாச்சுன்னா அடுத்து யார் வேணும்னாலும் பதிவு பண்ணலாம், அனுமதி கேட்க வேண்டாம், ஒரு பிரதிக்கு ரெண்டு சென்ட் கட்டினாப் போதும். அந்த ஏற்பாடு இன்னைக்கும் இருக்கு, தொகை இப்ப 12 சென்ட்டைத் தாண்டியாச்சு. மேல சொன்ன கவர் வெர்ஷன் எல்லாம் அந்த வழியிலதான் நடக்குது.

அதே மாதிரி அமெச்சூர் போட்டி மிக்ஸுக்கு ஒரு நிலையான கட்டணம் வைங்களேன். டீமுக்கு இவ்வளவுன்னு போட்டிக் கட்டணத்தோடயே வசூலிச்சு, அசல் பாடகி, இசையமைப்பாளர் ரெண்டு பேருக்கும் பிரிச்சுக் கொடுங்க. அந்த மிக்ஸ் ஓடற வீடியோவுக்கும் அதே ரசீது செல்லும்னு எழுதுங்க. வழக்கமா நுழைவுக் கட்டணம், உடை, பயணம்னு ஆயிரக்கணக்குல செலவழிக்கிற அப்பா அம்மா இதையும் கட்டிட்டுப் போவாங்க. ஓட்டைக் காகிதத்துக்கு முடிஞ்சது இதுக்கு முடியாதா? சட்டத்தைக் குறுக்கி எழுத முடியும்ங்கறதுக்கும் சாட்சி இருக்கு. 2011-ல மிரட்டின அந்த ஸ்ட்ரீமிங் சமாச்சாரம் 2020 டிசம்பர்ல சட்டமாச்சு. ஆனா இந்த தடவை வியாபாரத்துக்காகவே திருட்டு ஸ்ட்ரீமிங் நடத்தற சேவைகள் மேல மட்டும்தான் பாயுது. இதைத்தான் அன்னைக்கே எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா?

நண்பருக்கு நான் கேட்க நினைச்சது ஒண்ணே ஒண்ணுதான். திருட்டுன்னா யாரோ ஒருத்தர் நஷ்டப்படணும். அந்த ஊமைப்படத்தால யாருக்கு எத்தனை சென்ட் மிச்சமாச்சுன்னு அவர் கணக்கு காட்டட்டும், நான் பாட்டுல இருந்து பின்வாங்கறேன்.

பி.கு: நம்ம பதிவர்கள்ல அமெரிக்காவுல இருந்துக்கிட்டு நாலு பேர் எழுதற கூட்டுத்தளம், பாட்டுப் பேச்சுத் தளம் நடத்தறவங்க இருந்தா, ஒரு வேலை பண்ணுங்க. டிஎம்சிஏ பாதுகாப்பு சும்மா கிடைக்காது. நோட்டீஸ் வாங்கறதுக்குன்னு ஒரு ஏஜெண்ட் பேரை அமெரிக்க காப்பிரைட் ஆபீஸ்ல பதிவு பண்ணி, தளத்துலயும் போட்டிருக்கணும். நீங்களே ஏஜெண்டா இருக்கலாம். 2016 டிசம்பர்லருந்து எல்லாம் ஆன்லைன்தான், கட்டணம் 6 டாலர். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், மறந்தா கவசம் கழண்டுடும். முன்னாடி காகிதத்துல பதிவு பண்ணினது 2017-ஓட செல்லாது. 2022 ஜூன்லருந்து சின்னக் கேஸ்களுக்குன்னு தனியா காப்பிரைட் வாரியம் ஒண்ணும் இருக்கு, 30,000 டாலர் வரைக்கும் தீர்ப்பு கொடுக்கும். அங்கிருந்து கடிதம் வந்தா குப்பையில போடாதீங்க. எனக்கு இது வேண்டாம்னு சொல்ல 60 நாள் தர்றாங்க, அதுக்குள்ள பதில் போட்டுடுங்க.